அம்மா ஒதுங்கி நின்ற ஊர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இரண்டில்தான் போய் நிற்கிறது. ஒன்று முழங்கால், இன்னொன்று சுற்றுலா. முழங்கால் வலி இருக்கிறவர்கள்தான் சுற்றுலாவைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம். போன வாரமும் அப்படித்தான். சாயங்கால நடைக்கு வந்த இடத்தில் நம் கூட்டாளி ஒருத்தி, "திண்டுக்கல்லுல பாக்க என்ன இருக்கு? ஒரு பாறை, அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. என் வாய் உங்களுக்குத் தெரியும். திறந்தால் அன்றைய நடையே கெட்டுப்போகும் என்று பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தும் ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திண்டுக்கல்லை ஒரு நாள் முழுக்கக் காலாலேயே சுற்றியவள் நான். அன்றைக்கு ஒன்றையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. அதையும் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் சிறுமலைக்காரர்கள். நான் அஞ்சாம் வகுப்பை முடித்திருந்த கோடை விடுமுறை அது. மலையில் அதற்கு மேல் படிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. பரீட்சை முடிந்த அன்றைக்கே என் சிலேட்டை அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாங்கிப்போய் மிளகு காயப்போடும் சாக்குக்குப் பாரமாக வைத்துவிட்டாள். மரச்சட்டத்தில் நான் ஆணியால் கீறி வைத்திருந்த என் பெயரோடு அது வெயிலில் கிடந்தது. அப்புறம் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. இன்றைக்கும் எங்காவது சிலேட்டைப் பார்த்தால் கை தானாகப் போகிறது.

அப்பாவுக்கு மலை வாழைப்பழத்தைக் குதிரையில் ஏற்றி, பிறகு லாரியில் ஏற்றி, திண்டுக்கல் மண்டியில் கொண்டுபோய் இறக்குகிற வேலை. மண்டிக்காரர் அந்தக் கோடையில் அப்பாவைக் கூப்பிட்டு, இங்கேயே தங்கி வேலை பார் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "குடும்பத்தோட வந்தா வா. தனியாளா வந்தவனெல்லாம் வாரத்துக்கு ஒருக்க ஊருக்கு ஓடுறான்யா. பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள சொல்லிரு, இல்லாட்டி வேற ஆளைப் போட்டுக்குறேன்." அப்பா மலைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது, நான் அந்த நிமிஷமே ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன், மனசுக்குள்.

அம்மா, "நான் வரல" என்றாள்.

ஏன் என்று கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவாள். அப்பா கத்தினால் அடுப்பை ஊதப் போய்விடுவாள். "மலைக்காட்டுச் சிறுக்கிக்கு டவுனைக் கண்டா பயம்" என்றாள் அத்தை. அப்பாவும் அதையே நம்பினார். நானும்தான். அந்த நாளில் அம்மா மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போவேன். அவள் தட்டை மூடி வைப்பாள்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீருக்கோ விறகுக்கோ போகிற வழியில், வளைவுக்கு அந்தப் பக்கம் குதிரை மணிச் சத்தமோ ஆள் பேச்சோ கேட்டால், பாதையை விட்டு இறங்கி, செடிக்குள் போய், வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். அவர்கள் கடந்து போன பிறகுதான் ஏறுவாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவாள். காட்டுப்பூ நசுங்கிய வாசனையும் குதிரைச் சாண வாசனையும் கலந்து அடிக்கும். குதிரைக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பும் காலையிலும் அவள் அடுப்படியை விட்டு வரமாட்டாள். வா என்று அப்பா சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை. அம்மா கல்யாணமாகி வந்த அதே வாரத்தில், மிளகு பறிக்க ஏணியில் ஏறிய எங்கள் சித்தப்பா கீழே பாறையில் விழுந்து செத்துப்போனார். அப்பாவின் ஒரே தம்பி. ஏணியின் படி ஒன்று உளுத்துப்போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டியிருந்தார்கள். ஆனால் அவர் விழுந்த அன்றைக்கு ஏணியைப் பற்றி யாரும் பேசவில்லை. "வந்த ராசி" என்றாள் அத்தை. அந்த ஒரு சொல் போதும், மலை முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அம்மா எதிரே வந்தால் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அம்மா தானே ஒதுங்கப் பழகிக்கொண்டாள் போலிருக்கிறது. அப்போது எனக்கு யார் இதைச் சொன்னார்கள்? சித்தப்பா விழுந்து செத்தார் என்று தெரியும். அவ்வளவுதான்.

அப்பா ஒரு யோசனை பண்ணினார். அம்மாவைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டால் மனசு மாறிவிடும். "மலைக்கோட்டை பாப்போம், கோயிலுக்குப் போவோம், பிரியாணி திம்போம். அந்த ஊரு எனக்கு உள்ளங்கை மாதிரி" என்றார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் அப்பாவின் புளுகு பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும்தான் தாங்கியது. அவருக்குத் தெரிந்தது மண்டியும், மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடையும். அதற்கு அந்தப் பக்கம் அவரும் எங்களைப் போலத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கினோம். அப்பா, அம்மா, நான், அம்மா இடுப்பில் தம்பி. அவன் நடக்கிற வயதுதான், ஆனால் நடக்கமாட்டான். அம்மா கையில் புளியோதரை வைத்த தூக்குவாளி. சிறுமலையில் காலையில் மூக்கு சில்லென்று இருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது புகையிலை நெடி. அதைத் தாண்டினால் மல்லிகைப்பூ. அதையும் தாண்டினால் தோல் பதனிடுகிற இடத்து வாடை. இம்புட்டு வாசனையும் ஒரே தெருவில் இருக்க முடியும் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. எதிரே ஆள் வந்தால் அம்மா சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவர் போனதும் ரெண்டு எட்டு வைத்தாள். அடுத்த ஆள் வந்தார். மறுபடி சுவர்.

"இங்கிட்டு யாருக்குப் புள்ள ஒதுங்குற? ஊரே எதிர்லதான் வருது!" என்றார் அப்பா.

"வரட்டும். போகட்டும்" என்றாள் அம்மா.

அப்பா முன்னால் விறுவிறுவென்று போவார், திரும்பிப் பார்ப்பார், நாங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருப்போம். திரும்பி வருவார். கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி முன்னால் போவார். கடைவீதியை இப்படிக் கடப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. என் வயதுப் பெண்கள் இரண்டு பேர் ரிப்பன் கட்டிய சடையோடு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் கையை உதறிவிட்டுத் தள்ளி நடந்தேன்.

மலைக்கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளை மலை ஏறிக் காட்டுவதற்காகக் கீழே இறக்கிக் கூட்டிவந்த ஒரே மனிதர் எங்கள் அப்பாவாகத்தான் இருக்கும். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஏறுகிற நேரத்தில் எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வருகிற ஒவ்வொருவருக்கும் அம்மா ஓரமாகப் போய்ப் பாறையைப் பார்த்து நின்றாள். ஒரு கூட்டம் வந்தது, நின்றாள். புதுக் கல்யாண ஜோடி ஒன்று வந்தது. அவர்களுக்கு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டே நின்றுவிட்டாள். கால்வாசிகூட ஏறவில்லை, தம்பி தண்ணி தண்ணி என்று அலற ஆரம்பித்தான். அப்பா மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"சரி, கோட்டை எங்கயும் ஓடிராது" என்றார். இறங்கினோம்.

கோயிலுக்குப் போனால் நடை சாத்தியாகிவிட்டது. பூக்காரம்மா, "சாயங்காலந்தான் தொறப்பாக" என்று சொல்லிவிட்டு, வாடுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று அம்மா தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்தே விட்டாள். அதுதான் அன்றைக்குக் கிடைத்த ஒரே பிரசாதம். சாத்திய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

புது வீட்டுக்கு என்று ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்பது அப்பாவின் அடுத்த திட்டம். திண்டுக்கல் வந்துவிட்டுப் பூட்டு வாங்காமல் போனால் ஊர் சிரிக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்பது அவர் நினைவில் இல்லை. தெரு முழுக்கப் பூட்டுக்கடை, கடைக்கதவு முழுக்கப் பூட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

பிரியாணிக் கடைக்கு வந்தபோது வாசல் வரை நெய்யும் பட்டையும் மணத்தது. என் வயிறு அந்த வாசனைக்கே பாதி நிறைந்தது. கல்லாவில் இருந்த பாய் எங்கள் தூசிக் காலைப் பார்த்தார். அவருக்கே வருத்தமாகிவிட்டது. "செத்த முன்ன வந்திருக்கக் கூடாதாண்ணே? கறி தீந்துருச்சு. குஸ்காதான் இருக்கு, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். தம்பி சோற்றைக் கிளறிக் கிளறிக் கறித்துண்டைத் தேடினான். பாய் உள்ளே போய் எங்கிருந்தோ ஓர் எலும்பைக் கொண்டுவந்து அவன் இலையில் போட்டார். அவன் அதை மாலை வரைக்கும் கையில் வைத்திருந்தான்.

எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா காலையிலிருந்து பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டாள். இனி எப்படி வருவாள் இந்த ஊருக்கு? பள்ளிக்கூடம் போச்சு. அப்பாவின் வேலை போச்சு. நடந்து நடந்து குதிகாலில் கொப்புளம் வேறு. அழுதுகொண்டேதான் நடந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

அப்பாவிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். மண்டிக்காரர் வாடகைக்குச் சொல்லியிருந்த வீடு. அதையாவது காட்டிவிட வேண்டும் என்று தெருத்தெருவாகக் கூட்டிப்போனார். ஒரே பிள்ளையார் கோயிலை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டோம். யாரிடமாவது வழி கேட்டால் என்ன? கேட்கமாட்டார். உள்ளங்கை என்று சொல்லிவிட்டாரே! கடைசியில் ஒரு தெருமுனை வேப்பமரத்தடியில் எங்களை நிறுத்தி, "இங்கனயே நில்லுங்க. செத்த நேரத்துல வந்துர்றேன்" என்று தனியாகக் கிளம்பினார். எங்களுக்குத் தெரியாமல் யாரிடமோ கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

எங்களுக்கு எதிரே நாலாவது வீட்டு வாசலில் ஓர் இளவட்டம் நின்றுகொண்டிருந்தான். தேய்த்த சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை, தோளில் பை. கிளம்புகிற ஆள். ஆனால் கிளம்பவில்லை. படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தான்.

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண்மணி வேகமாக வந்தார். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கும். நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. அம்மா வழக்கம்போல மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சுற்றி வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றார். அம்மாவுக்கு மஞ்சள் பூசிய முகம், தலை நிறையப் பூ, இடுப்பில் ஆண்பிள்ளை. ஏற இறங்கப் பார்த்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏத்தா, கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்தாப்புல நிக்கிறியே! என் மகன் போலீஸ் செலக்சனுக்கு மதுரைக்குக் கிளம்புறான். எதிர் வீட்டு மதினி சகுனத்துக்கு எதிர்ல வாரேன்னு சொல்லிட்டு, கல்யாண வீட்டுக்குப் போனவ இன்னும் வரல. ராகு காலம் வேற பொறக்கப் போகுது. இந்த முக்குலருந்து அவனுக்கு எதிர்ல நடந்து வந்தாப் போதும். உனக்குப் புண்ணியமாப் போகும் தாயி."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "வேணாங்க்கா. வேற யாரையாச்சும் பாருங்க."

"ஏன், வீட்டுக்குத் தூரமா இருக்கியா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"பின்ன என்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். எங்களிடமோ, அப்பாவிடமோ, யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னாள்.

"என் ராசி சரியில்லக்கா. நான் காலெடுத்து வச்ச வாரமே எங்க வீட்டுக்காரரோட தம்பி ஏணியிலருந்து விழுந்து செத்துட்டாரு. எங்க மலையில தெரிஞ்ச சனம், அதுக பாட்டுக்கு வெலகிப் போயிரும். இங்க தெரியாத சனம்க்கா. காலையிலருந்து ஒதுங்கி ஒதுங்கிப் பாக்குறேன், முடியல. இங்கயே வந்து குடியிருந்தா தெனம் எத்தனை குடியைக் கெடுப்பேனோ? அதான் வரமாட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். எங்க வீட்ல நெனைக்கிறாக, டவுனுக்குப் பயந்துக்கிறேன்னு."

காலையில் உதறிவிட்ட அவள் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு டவுனைக் கண்டு பயமில்லை. அவளைக் கண்டு டவுனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். யோசித்துப் பாருங்கள், யார் என்றே தெரியாத மனிதர்களுக்காக ஒருத்தி நாள் முழுக்க வெயிலில் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறாள்.

அந்தப் பெண்மணி வாசலில் நின்ற மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "உன் வீட்டுக்காரன் நல்லாருக்கானா?" என்றார்.

"நல்லாருக்காரு. வீடு பாக்கப் போயிருக்காரு."

"புள்ளைக?"

"இந்தா, இதுக ரெண்டுந்தான்."

"பெறகு என்னடி ராசி, பெரிய ராசி? என்னைப் பாரு. பெத்த மகன் ஊருக்குக் கிளம்புறான், தாலியறுத்தவ வாசலுக்கு வரக்கூடாதுன்னு பின்வாசல் பொடக்காளி வழியா சந்துல சுத்தி வந்து நிக்கிறேன்." சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே வாசலில் மகன் பொறுமை இழந்துவிட்டான். "யம்மா! யாராச்சும் வாங்க! இல்லாட்டி பூனை வந்தாலும் பரவாயில்லைன்னு கிளம்பிருவேன்!"

அம்மா தம்பியை இடுப்பில் ஏற்றிச் சரிசெய்தாள். "யக்கா, நீங்களும் வாங்க" என்றாள்.

"நானா? அடிப் போடி இவளே."

"நான் தனியா வரமாட்டேன். நீங்க வந்தா வாரேன். பெத்தவ எதிர்ல வந்தா புள்ளைக்குக் கெடுதலா ஆகப்போகுது?"

இதைச் சொன்னது எங்கள் அம்மாதானா என்று நான் அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பெண்மணியும் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"ஒரு கெட்ட சகுனம் வந்தா என்னாகும்னு பஞ்சாங்கத்துல போட்டுருக்கான். ரெண்டு சேந்து வந்தா என்னாகும்னு எவனும் போடல. வாடி பாப்போம்!"

இரண்டு பேரும் தெருவின் நடுவில் நடந்தார்கள். எதிரே அந்த அண்ணன் படியிறங்கி வந்தான். தன் அம்மாவைக் கண்டதும் நின்றான். அவன் முகத்தில் எல்லாப் பல்லும் தெரிந்தது. "யம்மோவ், நீயுமா!" என்றான். பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்து, "வாரேங்க்கா" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். அந்தப் பெண்மணி நடுத்தெருவில் நின்று, அவன் முனை திரும்பும் வரைக்கும் பார்த்தார். அப்புறம் எங்களை வீட்டு வாசலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர். பித்தளைச் செம்பு சில்லென்று இருந்தது.

அப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார். வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அதைத்தான் அவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். ஓர் அறை, ஓர் அடுப்படி, பொதுக் கிணறு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனாள். நடந்ததை அப்பாவிடம் அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்குள் அப்படி ஒரு பேச்சே இல்லாமல் ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

சாயங்கால பஸ் மலையில் வளைந்து வளைந்து ஏறியது. காற்று குளிர ஆரம்பித்தபோது அம்மா, "பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள வந்துருவோம்" என்றாள்.

அப்பாவுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம். "என்ன புள்ள சொல்ற?"

"மண்டிக்காரர்ட்ட சொல்லிருங்கன்னேன்."

அன்று முதல் கண் மூடும் வரை அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "மலைக்கோட்டையைக் காட்டுனேன் பாருங்க, அதுல விழுந்தவதான்!" அம்மா ஒரு நாளும் மறுத்ததில்லை. ஆமாம் ஆமாம், கோட்டையைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்பாள். அப்பாவின் மீசை ஒரு சுற்று பெரிதாகும்.

வந்துவிட்டோம். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன், இந்தத் தடவை நிஜமாகவே. ஆனால் கதை முடியவில்லை. குடிவந்த பிறகு அம்மா அந்த வேப்பமரத் தெரு வழியாகப் போகவே மாட்டாள். கடைக்குப் போவதென்றாலும் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். "அந்த வழி கிட்டம்மா" என்றால், "நடந்தா காலுக்கு நல்லது" என்பாள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவன் தேறவில்லை என்றால்? மலையில் நடந்தது இங்கும் நடக்கும். இங்கேயும் ஒரு தெரு அவளைக் கண்டு திரும்பிப்போய்த் தண்ணீர் குடிக்கும். அப்புறம் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த மூட்டையில் என் புத்தகப் பையும் இருக்கும். நானும் பிள்ளையாரைக் கும்பிட்டேன். என் பரீட்சைக்குக்கூட அப்படிக் கும்பிட்டதில்லை, அந்த அண்ணன் போலீஸ் ஆகிவிட வேண்டும் என்று கும்பிட்டேன்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரு காலையில், வரிசையில் நின்ற அம்மாவின் தோளை யாரோ தட்டினார்கள்.

"ஏய், மலைக்காரி! இங்கதான் இருக்கியா? இத்தனை நாளா என் கண்ணுல படாம எங்கிட்டுடி சுத்துன?"

அவர்தான். கையில் தகரக் கேன். அம்மா வரிசையை விட்டு விலகப் பார்த்தாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"தம்பி… போன காரியம்…" என்றாள்.

"எங்க? பெயிலு!"

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. வலித்தது. நான் அசையவில்லை. அடுத்த வாக்கியத்துக்காக அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மலையில் எப்போதும் வந்துவிடுகிற அந்த வாக்கியத்துக்காக.

"ஓட்டத்துல பாதியிலயே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான் மூதி! முந்தின ராத்திரி மதுரையில அவன் மாமன் கடைக்குக் கூட்டிப்போயி பரோட்டா வாங்கிக் குடுத்திருக்கான். ஓசியில கெடைச்சா பினாயிலயும் குடிப்பானுக. அடுக்கி வச்சுத் தின்னுருக்கான். அடுத்த வருசம் வெறும் கஞ்சியைக் குடுத்துத்தான் அனுப்பணும்."

வரிசை நகர்ந்தது. அவர் தன் கேனைக் காலால் முன்னுக்குத் தள்ளினார். அம்மா நகரவில்லை.

"பரோட்டாவாலயாக்கா?" என்றாள்.

"வேற எதனால?" என்று கேட்டுவிட்டு, அவர் எங்கள் கேனையும் சேர்த்து முன்னுக்குத் தள்ளினார்.